தொடுதிரையோடு விசைப்பலகையும் கொண்ட ஸ்லைடர் கைபேசிகள்: உண்மையில் பயன்படுத்த எளிதானவையா?

கேள்வி — தணிக்கைக்காரன்

வணக்கம். நான் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குத் தணிக்கைப் பணியில் இருப்பவன். ஊர் ஊராகச் செல்லும்போது பேருந்திலும், சங்க அலுவலகத்தின் வாசற்படியிலும் அமர்ந்து கைபேசியிலேயே நீண்ட குறிப்புகளை எழுத வேண்டியிருக்கிறது. தொடுதிரையில் எழுதும்போது திரையின் பாதியை விசைப்பலகை மறைத்துவிடுகிறது. மேலே எழுதிய பத்தியைப் பார்த்துக்கொண்டே அடுத்ததை எழுத முடிவதில்லை. எண்களும் எழுத்துகளும் கலந்து வரும் வரிகளில் விரல் வழுக்கி 5 என்பது 6 ஆகிவிட்டால், என் வேலையில் அது சிறிய பிழை அன்று.

ஆகவே, திரைக்கு அடியிலிருந்து விசைப்பலகை வெளியே வரும் ஸ்லைடர் கைபேசி ஒன்றை வாங்கலாமா என்று எண்ணுகிறேன். பழைய நோக்கியா என்900, பிளாக்பெர்ரி பிரிவ் போன்றவை இரண்டாங்கை விற்பனையில் கிடைக்கின்றன. புதியனவாகவும் ஓரிரண்டு வந்திருக்கின்றன. இவற்றைப் பயன்படுத்தியவர்களுள் ஒரு சாரார் இன்றும் அவற்றை நினைத்து ஏங்குகிறார்கள். மற்றொரு சாரார், திரையையும் விசையையும் மாற்றி மாற்றித் தொடுவதே பெரிய தொல்லை என்கிறார்கள். ஒரே கருவியில் இரண்டு உள்ளீட்டு வழிகள் இருப்பது கைக்கு உதவியா, இடையூறா? பக்கவாட்டில் திறப்பது நல்லதா, கீழ்நோக்கித் திறப்பது நல்லதா? என் குறிப்புகளில் பாதி தமிழிலேயே இருக்கும் என்பதையும் கருத்தில் கொண்டு அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி — இடைமுகன்

ஐயா, இத்தகைய கருவிகளின் மென்பொருளில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இரண்டு உள்ளீட்டு வழிகள் இருப்பது தவறன்று. ஒரு வேலையைத் தொடங்கிய வழியிலேயே முடிக்க முடியாதபோதுதான் தொல்லை வருகிறது. விசைகளில் விரல் வைத்து ஒரு செய்தியை எழுதிவிட்டு, அதை அனுப்புவதற்கு மட்டும் வலக்கையைத் தூக்கித் திரையின் மூலையைத் தொட வேண்டும் என்றால், அந்த ஒரு தொடுதலுக்காக இரு கைகளின் பிடியும் கலைகிறது. கலைந்த பிடியை மீண்டும் அமைத்த பின்னரே அடுத்த எழுத்து வரும். ஸ்லைடர் கைபேசிகளின் வரலாறு முழுவதிலும் நல்லதையும் அல்லாததையும் பிரிப்பது இந்த ஓர் அளவுகோல்தான் என்பது என் உறுதியான கருத்து.

2008 அக்டோபரில் வெளிவந்த முதல் ஆண்ட்ராய்டு கைபேசியான எச்டிசி ட்ரீமை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஜி1 என்ற பெயரில் விற்கப்பட்டது. ஐந்து வரிசை விசைப்பலகையும் 3.2 அங்குலத் தொடுதிரையும் கொண்டது. அது வெளிவந்தபோது ஆண்ட்ராய்டில் திரை விசைப்பலகையே கிடையாது. ஒரு சொல்லைத் தேட வேண்டுமானாலும் கைபேசியைப் பக்கவாட்டில் திருப்பி, திரையைத் தள்ளித் திறந்து, இரு கைகளாலும் பிடித்தாக வேண்டும். 2009 இல் வந்த 1.5 பதிப்பில்தான் திரை விசைப்பலகை சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பு வரை, மூன்றெழுத்துச் சொல்லுக்கும் முந்நூறு சொல் கடிதத்துக்கும் ஒரே அளவு முன்னேற்பாடு தேவைப்பட்டது. அதன் வடிவத்திலும் ஒரு குறை இருந்தது. பொத்தான்களும் உருட்டுக் குண்டும் அமைந்த பகுதி வலப்புறம் துருத்திக்கொண்டிருந்ததால், வலக் கட்டைவிரல் அதைத் தாண்டி எட்டியே விசைகளை அடைய வேண்டியிருந்தது.

2009 நடுவில் வந்த நோக்கியா என்97 இல் சிக்கல் வேறு வகையானது. அதன் எஸ்60 ஐந்தாம் பதிப்பு மென்பொருள், திசைப் பொத்தானால் இயக்குவதற்காக எழுதப்பட்டு வந்த பழைய இடைமுகத்தின் மேல் தொடுதிரையைப் பொருத்திய ஒன்று. படவுருக்களை ஒருமுறை தொட்டால் திறந்துவிடும். பட்டியல்களிலோ முதல் தொடுதல் வரியைத் தேர்ந்தெடுக்கும், இரண்டாம் தொடுதலே திறக்கும். திசைப் பொத்தானால் நகரும்போது 'எந்த வரியில் இருக்கிறோம்' என்பதைக் காட்டும் அடையாளம் தேவை. விரலால் தொடும்போது அது தேவையே இல்லை. இரண்டையும் ஒன்றாக வைத்ததன் விளைவாக, எந்த இடத்தில் எத்தனை முறை தொட வேண்டும் என்பதைப் பயனர் மனப்பாடம் செய்ய வேண்டியதாயிற்று. விசைகள் மூன்றே வரிசைகள். இடவெளி விசை நடுவில் இல்லாமல் வலப்பக்கம் ஒதுங்கியிருந்ததால், இடக் கட்டைவிரலால் இடவெளி விடப் பழகியவர்கள் திணறினார்கள். திசைப் பொத்தான் இடப்புறம் இருந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த என்97 மினியில் அதை நீக்கி, வலப்புறம் நான்கு அம்புக்குறி விசைகளை வைத்தார்கள். அந்த மாற்றம் நல்ல மாற்றம்.

நீங்கள் குறிப்பிட்ட என்900 இவற்றினும் ஒரு படி மேல். மேமோ 5 மென்பொருள் பக்கவாட்டுப் பார்வைக்காகவே அமைக்கப்பட்டது. தொலைபேசிச் செயலி போன்ற சிலவற்றைத் தவிர அனைத்தும் கிடைமட்டமாகவே இயங்கின. ஆகவே விசைப்பலகையை வெளியே இழுத்தாலும் உள்ளே தள்ளினாலும் திரையில் எதுவும் இடம் மாறவில்லை. கன்ட்ரோல் விசையோடு சேர்த்து நகலெடுக்கவும் ஒட்டவும் முடிந்தது. திறந்திருக்கும் செயலிகளுக்கிடையே மாறுவதற்கும் விசைச் சேர்க்கை இருந்தது. கை விசையை விட்டு எழ வேண்டிய தேவை குறைவு. ஆனால் அதன் திரை அழுத்தத்தை உணரும் வகை. இக்காலத் திரைகளுக்குப் பழகிய விரலுக்கு அது மந்தமாகத் தோன்றும். ஒரே நேரத்தில் ஒரு புள்ளியைத்தான் அது அறியும். 256 மெகாபைட் நினைவகத்தோடு இன்றைய இணையப் பக்கங்களைத் திறப்பதும் கடினம். விருப்பத்துக்காக வைத்திருக்கலாம், உங்கள் வேலைக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆண்ட்ராய்டு ஸ்லைடர்கள் பற்றிப் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பக்கவாட்டு ஸ்லைடரைத் திறந்ததும் திரையின் திசை மாறுகிறது, விசைப்பலகை வெளிவந்த நிலையும் மாறுகிறது. இந்த மாற்றத்தை எதிர்கொள்ளச் செயலியை எழுதியவர் ஏற்பாடு செய்யாவிட்டால், ஆண்ட்ராய்டு அந்தத் திரையை அழித்து மறுபடி புதிதாக உருவாக்கும். பாதி நிரப்பிய படிவம் வெறுமையாவதும், படித்துக்கொண்டிருந்த இடம் நழுவி மேலே போவதும் இதனால்தான். எழுதுவதற்காகத் திறக்கும் அதே அசைவு, எழுதியதை இழக்கச் செய்தால் பயனர் அந்த அசைவையே அஞ்சத் தொடங்குவார். பிறகு விசைப்பலகை அடியிலேயே கிடக்கும்.

இந்த வகையில் கீழ்நோக்கித் திறக்கும் அமைப்பு பாதுகாப்பானது. 2009 இன் பாம் ப்ரீ, 2010 இன் பிளாக்பெர்ரி டார்ச் 9800, 2015 இன் பிளாக்பெர்ரி பிரிவ் ஆகிய மூன்றும் இவ்வகை. திரை நெடுக்காகவே இருக்கும். இவற்றுள் பிரிவ்தான் நான் மேலே சொன்ன அளவுகோலுக்கு மிக அருகில் வந்த கருவி. அதன் விசைகளின் மேற்பரப்பே தொடுதலை உணரும். விசையை அழுத்தாமல் மேலும் கீழும் வருடினால் பக்கம் நகரும், பரிந்துரைக்கப்பட்ட சொல்லை மேல்நோக்கி ஒரு சுண்டலில் ஏற்கலாம், எழுதும் இடத்தைக் காட்டும் சுட்டியையும் விசைப் பரப்பிலிருந்தே நகர்த்தலாம். ஒரு விசையை நீண்ட நேரம் அழுத்தினால் நாம் விரும்பிய செயலி திறக்கும்படியும் அமைத்துக்கொள்ளலாம். திரைக்குச் செல்லாமலேயே பெரும்பாலான வேலை முடிந்துவிடும். ஆனால் 5.4 அங்குலத் திரையை மேலே தள்ளிய பிறகு எடையெல்லாம் மேற்பகுதிக்குப் போய்விடுகிறது. விசைகளோ மிகக் கீழே இருக்கின்றன. 192 கிராம் எடையை அடி விளிம்பில் பிடித்துக்கொண்டு எழுதுவது, ஓடும் பேருந்தில் எளிதன்று. நான்கு வரிசை விசைகளும் குறுகியவை, தட்டையானவை.

மறுமொழி — பட்டறை

மேலே நண்பர் மென்பொருளைப் பற்றி எழுதிவிட்டார். நான் மதுரையில் கைபேசி பழுதுநீக்கும் கடை நடத்துகிறேன், ஆகவே உள்ளே இருப்பதைப் பற்றிச் சொல்கிறேன்.

ஸ்லைடரில் திரை ஒரு பாதியிலும் மின்பலகை மற்றொரு பாதியிலும் இருக்கும். இரண்டையும் இணைப்பது பிளெக்ஸ் கேபிள் என்னும் மெல்லிய நாடா. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மூடும்போதும் அது ஒரே இடத்தில் மடிந்து விரிகிறது. நாளடைவில் அந்த மடிப்பில் செம்புத் தடங்களில் ஒன்றிரண்டு விரிசல் விடும். அதன் அறிகுறி தெளிவானது: மூடியிருக்கும்போது திரை நன்றாகத் தெரியும், திறந்தால் வெளுத்துப்போகும் அல்லது கோடு விழும். பாதி திறந்த நிலையில் தெரிந்து, முழுதும் திறந்ததும் மறைந்தால் நாடா போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அக்காலத்தில் நாடாவை மாற்றுவது எங்களுக்கு அன்றாட வேலை. இன்று கைகள் இருக்கின்றன, நாடாதான் இல்லை. பழைய கருவி ஒன்றிலிருந்து கழற்றிப் போட்டால், அதுவும் பல முறை மடிந்த நாடாவாகவே இருக்கும்.

இரண்டாவது, தண்டவாளம் போன்ற அந்தச் சறுக்கு அமைப்பு. உள்ளிருக்கும் சுருள்வில் தளர்ந்தால் கைபேசி சட்டைப்பையில் தானாகத் திறக்கும். பல ஸ்லைடர்களில் திறந்தாலே அழைப்பை ஏற்கும், மூடினாலே துண்டிக்கும் அமைப்பு இருந்தது. வில் தளர்ந்த பிறகு அந்த வசதியே பேச்சின் நடுவில் அழைப்பைத் துண்டித்துவிடும். வாங்குமுன் திறந்த நிலையில் மேற்பாதியை இடம் வலமாக மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வேண்டாம். திரைக்கும் விசைக்கும் இடையே புகும் தூசு பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் கிராமங்களுக்குப் போகிறவர் என்பதால், சறுக்கு அமைப்பு இல்லாத கைபேசியைவிட ஸ்லைடரில் அது விரைவில் உள்ளே சேரும்.

தணிக்கைக்காரன்

இருவருக்கும் நன்றி. பிரிவ் பற்றி எழுதியது எனக்கு ஆசையைத் தூண்டுகிறது. ஆனால் தமிழில் எழுதுவது பற்றி எவரும் இன்னும் சொல்லவில்லை. நான் கணினியில் தமிழ்99 என்னும் தமிழ் விசைப்பலகை அமைப்பைப் பழகியவன். அதே விரல் நினைவைச் சிறு விசைப்பலகைக்குக் கொண்டுவர முடியுமா?

மறுமொழி — எழுத்துக்கூடம்

இதற்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன், ஐயா. இந்தத் தடை விசைகளின் எண்ணிக்கையிலேயே தொடங்குகிறது.

தமிழ்99 அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும், மெய்யெழுத்துகளில் பெரும்பாலானவை வலக்கைக்கும் உரியவை. வலக்கையின் எழுத்துகள் ஆங்கில எழுத்து விசைகளோடு முடிவதில்லை. ச, ஞ ஆகிய இரண்டும் பி விசைக்கு அப்பாலுள்ள சதுர அடைப்புக்குறி விசைகளில் இருக்கின்றன. ந, ய ஆகியவை எல் விசைக்கு அப்பால் அரைப்புள்ளி, மேற்கோள் விசைகளில் இருக்கின்றன. ழ சாய்கோட்டு விசையில் இருக்கிறது. மூன்று வரிசை ஸ்லைடர்களிலும், பிளாக்பெர்ரி வகை விசைப்பலகைகளிலும் மேல் வரிசை பி விசையோடு முடிந்துவிடும். அடைப்புக்குறிகளைத் தனி விசையாகக் காண முடியாது. நிறுத்தக்குறிகளும் பெரும்பாலும் எழுத்து விசைகளின் மேல் இரண்டாம் அடையாளமாகவே அச்சிடப்பட்டிருக்கும். 'நான்', 'செய்ய', 'வாழ்க' போன்ற சொற்களுக்கு ஒவ்வொரு முறையும் துணை விசையை அழுத்த வேண்டியிருந்தால், தமிழ்99 தரும் வேகம் முழுவதும் போய்விடும்.

தொடுதிரைக்கு இங்கே ஒரு மேன்மை இருக்கிறது. திரை விசைப்பலகை மொழிக்கேற்பத் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும். செல்லினம் போன்ற செயலிகள் தமிழ்99 க்கு வேண்டிய எழுத்துகள் அனைத்தையும் திரையிலேயே வரைந்து காட்டுகின்றன. அச்சிட்ட விசைக்கு அந்த நெகிழ்வு இல்லை. ஆங்கிலத்துக்காகச் செதுக்கிய விசைகளின் மேல் தமிழ் ஒரு விருந்தாளியாகவே அமர வேண்டியிருக்கிறது.

ஆங்கில எழுத்துகளை ஒலிக்கேற்ப அழுத்தித் தமிழ் பெறும் ஒலிபெயர்ப்பு முறையில் எழுதினால் 26 விசைகள் போதும். ண, ள, ற ஆகியவற்றுக்கு ஷிப்ட் தேவைப்படும். ஆனால் பெரும்பாலான ஸ்லைடர்களில் ஷிப்டை ஒருமுறை அழுத்திவிட்டால் அடுத்த எழுத்துக்கு அது தானே பொருந்தும், பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். இன்னொன்றையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். மெய்க்குப் பின் உயிரை அழுத்தும்போது அதை உயிர்மெய்க் குறியாக மாற்றித் தருவது உள்ளீட்டுச் செயலியின் வேலை. ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற வெறும் வரைபடத்தால் அது நடக்காது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் தமிழ் உள்ளீட்டுச் செயலி, திரை விசைகளுக்கு மட்டுமன்றி வன்பொருள் விசைகளுக்கும் இந்த மாற்றத்தைச் செய்கிறதா என்று, சிறிய புளூடூத் விசைப்பலகை ஒன்றை உங்கள் இப்போதைய கைபேசியோடு இணைத்து முன்கூட்டியே சோதித்துவிடலாம். ஸ்லைடரை வாங்கிய பிறகு இதைக் கண்டறிவது வீண் செலவு.

மறுமொழி — மீனாளின் மகள்

இந்த உரையாடலில் ஒரு தரப்பு விடுபட்டிருக்கிறது. நான் முழுக்க உடன்படாத ஒன்றும் இருப்பதால் எழுதுகிறேன். இடைமுகன் அவர்கள், தொடங்கிய வழியிலேயே வேலையை முடிக்க முடிய வேண்டும் என்கிறார். பார்வை குறைந்தவர்களுக்கு அந்த இலக்கணம் போதாது.

என் அம்மாவுக்குப் பார்வை மங்கி வருகிறது. எண் விசைகள் மட்டும் அடியில் கொண்ட, மேலே சிறிய தொடுதிரை உள்ள ஸ்லைடர் ஒன்றைச் சில காலம் பயன்படுத்தினார். எண்களை அழுத்துவதில் அவருக்குச் சிறிதும் துன்பமில்லை. 5 என்ற விசையின் மேலிருக்கும் புள்ளியைத் தடவிப் பார்த்து மற்றவற்றை அறிந்துகொள்வார். வங்கிக்கு அழைத்தால் 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்று வரும் குரலுக்குக் கைபேசியைக் காதிலிருந்து எடுத்துத் தயங்காமல் அழுத்துவார். தொடுதிரைக் கைபேசியில், எண் பலகையை வரவழைக்க எங்கே தொடுவது என்று தேடுவதற்குள் அந்தக் குரல் தொடக்கத்துக்கே போய்விடுகிறது.

ஆனால் அந்த வகைக் கைபேசிகளில், தொடுதிரை வந்துவிட்டதே என்று திசைப் பொத்தானையும் திரைக்குக் கீழிருந்த இரண்டு தேர்வுப் பொத்தான்களையும் எடுத்துவிட்டார்கள். நோக்கியாவின் 2011 ஆம் ஆண்டு சி2-02, சி2-03 வரிசையும் அவ்வாறு அமைந்ததுதான்: தட்டுவதற்கு எண் விசைகள், பட்டியல்களுக்கு 2.6 அங்குலத் தொடுதிரை. பழைய பொத்தான் கைபேசியில் 'மெனு, கீழே மூன்று முறை, நடுப்பொத்தான்' என்று விரல் வழியாகவே அம்மா மனப்பாடம் செய்திருந்தார். தொடுதிரை அந்தப் பாதையை அழித்துவிட்டது. அங்கே ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்த்துத்தான் தொட முடியும். எழுத்துகளுக்கு விசையைக் கொடுத்து, வழிசெலுத்துவதற்கான விசையைப் பறித்துக்கொள்வது, பார்வை குறைந்தவருக்குப் பாதி கதவை மூடுவதற்குச் சமம். உங்களுக்குப் பார்வை நன்றாக இருக்கலாம், ஐயா. ஆயினும் வெயிலில் திரை தெரியாத நேரத்தில் நீங்களும் அதே நிலையில்தான் இருப்பீர்கள். அம்புக்குறி விசைகள் உள்ளதா என்பதை முதலில் பாருங்கள்.

மறுமொழி — இடைமுகன்

சகோதரி சொல்வது சரி. விசைகளால் எழுத மட்டுமன்றி நகரவும் தேர்ந்தெடுக்கவும் முடிய வேண்டும் என்று என் அளவுகோலை விரித்துக்கொள்கிறேன். மோட்டோரோலாவின் முதல் டிராய்டு, 2009 இல், வலப்புறம் ஒரு திசைப் பொத்தானை வைத்தது. அதற்கு இடம்விட்டு எழுத்து விசைகள் இடப்புறம் ஒதுங்கியதால் பலர் குறைகூறினார்கள். இருந்தும், சுட்டியை ஓர் எழுத்து மட்டும் நகர்த்திப் பிழையைத் திருத்துவதற்கு அதைவிடத் துல்லியமான வழி அந்நாளைய தொடுதிரைகளில் இல்லை. தடித்த விரலால் எழுத்துகளுக்கு நடுவே குறிவைப்பது இன்றும் கடினமே. 5 என்பது 6 ஆகும் உங்கள் சிக்கலுக்கும் இதுவே மருந்து.

தணிக்கைக்காரன் ஐயாவுக்கு நான் இப்போது சொல்வது இது. பிரிவ் மென்பொருளளவில் ஆண்ட்ராய்டு 6 உடன் நின்றுவிட்டது. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வந்து பல ஆண்டுகளாகின்றன. வங்கிச் செயலிகள் உட்பட இன்றைய பல செயலிகள் அதில் நிறுவப்படவே மாட்டா. சங்கங்களின் கணக்கு விவரங்களை வைத்திருக்கும் ஒருவர் அத்தகைய கருவியை முதன்மைக் கைபேசியாகக் கொள்வது முறையாகாது. பக்கவாட்டு ஸ்லைடராகவே வேண்டுமானால், 2019 இல் வந்த எப்எக்ஸ்டெக் ப்ரோ1 ஐந்து வரிசைகளில் 64 விசைகளும் எண்களுக்குத் தனி வரிசையும் கொண்டது. எண்கள் நிறைந்த உங்கள் குறிப்புகளுக்கு அந்தத் தனி வரிசை பெரும் பயன். திறக்கும்போது திரை சாய்ந்து நிற்பதால் மேசையில் வைத்தும் எழுதலாம். ஆனால் எடை 243 கிராம், இந்தியாவில் உதிரிப்பாகம் தேடுவது பட்டறை நண்பருக்கே கடினமாக இருக்கும்.

சறுக்கும் அமைப்பே இல்லாமல், திரைக்குக் கீழே நிலையாக விசைகள் கொண்ட யூனிஹெர்ட்ஸ் டைட்டன் வரிசையும், ஐபோனுக்கு அடியில் பொருத்தும் கிளிக்ஸ் என்ற விசைப்பலகை உறையும் இருக்கின்றன. நாடா மடிவதில்லை, வில் தளர்வதில்லை, எழுதும்போது திரையும் மறைவதில்லை. எழுத்துக்கூடம் சொன்ன தமிழ்த் தடை மட்டும் இவற்றுக்கும் அப்படியே உண்டு. ஆகவே முதலில் அவர் சொன்ன புளூடூத் சோதனையைச் செய்துவிடுங்கள். உங்கள் பழைய தணிக்கைக் குறிப்பு ஒன்றை, எண்களும் தமிழும் கலந்த ஒரு பக்கத்தை, திரையைத் தொடாமல் தொடக்கத்திலிருந்து அனுப்புவது வரை எழுதிப் பாருங்கள். எந்தெந்த இடத்தில் கை திரைக்குப் போகிறது என்று குறித்து இங்கே இட்டால், எந்தக் கருவி அந்த இடங்களைக் குறைக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

தணிக்கைக்காரன்

அவ்வாறே செய்கிறேன். அலுவலக நண்பர் ஒருவரிடம் சிறிய புளூடூத் விசைப்பலகை இருக்கிறது. அதை வாங்கி ஒலிபெயர்ப்பு, தமிழ்99 ஆகிய இரண்டு முறைகளிலும் ஒரே பக்கத்தை எழுதிப் பார்த்துவிட்டு இங்கே பதிவிடுகிறேன். அதுவரை எதையும் வாங்கப்போவதில்லை. பட்டறை நண்பருக்கு ஒரு கேள்வி: நிலையான விசை கொண்ட கைபேசிகளில், விசைகளுக்கு அடியிலுள்ள மென்தகடு தேய்ந்தால் அதை மட்டும் தனியாக மாற்ற முடியுமா, அல்லது முன்பகுதி முழுவதையும் மாற்ற வேண்டுமா?

மறுமொழி — பட்டறை

மாடலைப் பொறுத்தது. பழைய பொத்தான் கைபேசிகளில் மென்தகடு ஒட்டுத்தாள் போலத் தனியே உரிந்து வரும், மலிவாகவும் கிடைத்தது. இப்போதைய மெல்லிய கருவிகளில் விசைகளும் தகடும் சட்டத்தோடு ஒட்டப்பட்டிருக்கின்றன. வாங்குவதற்கு முன் அந்த மாடலைப் பிரித்துக் காட்டும் காணொளி ஒன்றைத் தேடிப் பாருங்கள். விசைப்பகுதி திருகாணியில் நிற்கிறதா, பசையில் நிற்கிறதா என்பது அதில் தெரியும். திருகாணியாக இருந்தால் துணிந்து வாங்கலாம்.